மூன்று வயதுப் பிள்ளைக்கு பேட்டரி ரயில் செட் பொருந்துமா?

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்துக்கு அருகில் குடியிருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகனுக்கு இரண்டு வயது பத்து மாதம் ஆகிறது. மாடியில் நின்று மின்சார ரயிலையும் கூட்ஸ் வண்டியையும் பார்க்காமல் அவனுக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. மூன்றாவது பிறந்தநாளுக்குத் தண்டவாளத்தோடு கூடிய பேட்டரி ரயில் செட் வாங்கித் தருவதாகத் தாய்மாமன் சொல்லியிருக்கிறார். வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா ஒருத்தியும் இருக்கிறாள். பேட்டரிச் சாமான் பிள்ளைக்கு ஷாக் அடித்துவிடுமோ என்று பாட்டி பயப்படுகிறார். இந்த வயதுக்கு அது பொருந்துமா, வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மா, நான் ரயில்வேயில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது ராயபுரத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் பழுதான பொம்மைகளைப் பிரித்துச் சரிசெய்து கொடுக்கிறேன். அவற்றில் பேட்டரி ரயில்கள் நிறைய வரும். பேரனுக்கு இதே வயதில் இதே ஆசை இருந்ததால், அந்த ரயில்கள் பிள்ளைகளின் கையில் என்ன பாடு படுகின்றன என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு ரயிலும் தண்டவாளமும் மிகவும் பொருத்தமான விளையாட்டுச் சாமான். ஆனால் மோட்டார் வைத்த இன்ஜினை நான்கு வயதை ஒட்டி வாங்கிக் கொடுப்பதே நல்லது. ஆபத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அதற்கும் முன்னால் வேறொரு காரணம் இருக்கிறது.

பேட்டரி இன்ஜினைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை மிகச் சிலவே. ஒன்று அல்லது இரண்டு பென்சில் பேட்டரி, கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு மோட்டார், அதன் தண்டில் மாட்டிய ஒரு சின்னப் பல்சக்கரம், அது சுழற்றும் இரண்டு மூன்று பெரிய பல்சக்கரங்கள், கடைசியில் சக்கர அச்சு, இவ்வளவுதான். மோட்டார் மிக வேகமாகச் சுற்றும், ஆனால் அதற்கு வலு கிடையாது. அந்த வேகத்தைக் குறைத்து வலுவாக மாற்றிச் சக்கரத்துக்குக் கொடுப்பதற்காகத்தான் நடுவில் அத்தனை பற்கள். இந்த ஏற்பாடு மோட்டாரிலிருந்து சக்கரத்தை நோக்கிச் சுலபமாகச் சுழலும். சக்கரத்திலிருந்து மோட்டாரை நோக்கி அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. சில இன்ஜின்களில் திருகு போன்ற வார்ம் கியர் இருக்கும். அவற்றில் சுவிட்சை அணைத்துவிட்டுச் சக்கரத்தைத் தள்ளினால் அது அசையவே அசையாது. மற்றவற்றில் கரகரவென்று முறுக்கிக்கொண்டு வரும்.

இப்போது உங்கள் மகனை நினைத்துப் பாருங்கள். ரயிலைக் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வான்? தரையில் வைத்து அழுத்தித் தள்ளுவான். இந்த வயதில் எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். அந்தத் தள்ளுதலைத் தாங்கும்படி அந்த இன்ஜின் செய்யப்படவில்லை. என் திண்ணைக்கு வரும் ரயில்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே நோய்தான். சுவிட்சைப் போட்டால் மோட்டார் மட்டும் ‘ஙொய்’ என்று கத்தும், சக்கரம் நகராது. மோட்டார் தண்டில் மாட்டிய வெள்ளை நைலான் பல்சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், முடியளவு மெல்லிய விரிசல் ஒன்று அதன் குறுக்கே ஓடியிருக்கும். விரிசல் விட்டதால் பிடிப்பு போய், தண்டு உள்ளே வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். வாங்கிய இரண்டாம் வாரமே இப்படி ஆகிவிட்ட ரயில்களைப் பார்த்திருக்கிறேன். பெற்றவர்கள் பிள்ளையைத் திட்டிக்கொண்டே கொண்டுவருவார்கள். பிள்ளைமேல் தப்பே இல்லை. தள்ளுகிற வயதில் இருப்பவனுக்குத் தள்ளக்கூடாத சாமானை வாங்கிக் கொடுத்ததுதான் தப்பு.

பொம்மை உடைவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது விளையாட்டு உடைவது. என் பேரனுக்கு மூன்று வயது ஆனபோது அவனுக்கும் ஒரு பேட்டரி ரயில் பரிசாக வந்தது. வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஓடவிட்டோம். முதல் சுற்றுக்குக் கைதட்டினான். இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளைப் பார்த்தான். நான்காவது சுற்றில் ரயிலுக்கு எதிரே கையை வைத்தான். சக்கரம் அவன் உள்ளங்கையில் முட்டிக்கொண்டு சுழன்றது. பிடித்துத் தூக்கினான், காற்றில் சக்கரம் சுழல்வதைப் பார்த்தான், கீழே வைத்தான். அது தண்டவாளத்தில் சரியாக உட்காராமல் கவிழ்ந்து கிடந்து உறுமியது. அழுதுகொண்டே என்னிடம் கொண்டுவந்தான். அன்றைக்கு முழுவதும் ரயிலை எடுத்து வைத்தது நான். அவன் பார்வையாளனாகத்தான் இருந்தான்.

அந்த இன்ஜினை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பெட்டிகளை மட்டும் அவனிடம் கொடுத்தேன். அதன்பிறகு நடந்ததை நான் மறக்க மாட்டேன். தீப்பெட்டி ஒன்றை ராயபுரம் என்றான். டப்பா மூடி வண்ணாரப்பேட்டை ஆயிற்று. பாட்டியின் மூக்குக்கண்ணாடிக் கூடு கொருக்குப்பேட்டை, என் செருப்பு தண்டையார்பேட்டை, கட்டில் கால் திருவொற்றியூர். பெட்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் நிறுத்தி, ஏறுகிறவர்களை ஏற்றி, இறங்குகிறவர்களை இறக்கி, வாயாலேயே ஹாரன் அடித்துப் புறப்பட்டான். வேகத்தை அவன் தீர்மானித்தான். நிற்கும் இடத்தை அவன் தீர்மானித்தான். எண்ணூர் வரை போய்த் திரும்பி வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அந்தக் கட்டில் காலடியில் அவன் பேசிய பேச்சில் பாதி எனக்குப் புதிதாக இருந்தது. மோட்டார் ஓடும்போது அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு தகவலையும் இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானில் நீலநிறப் பிளாஸ்டிக் தண்டவாளத்தோடு பிறந்து இன்றைக்கும் விற்பனையில் இருக்கும் பிளாரெயில் என்ற ரயில் செட், 1959-இல் முதன்முதலில் வெளிவந்தபோது கையால் தள்ளுகிற ரயிலாகத்தான் வந்தது. மோட்டார் 1961-இல்தான் சேர்ந்தது. ஸ்வீடனின் பிரியோ மர ரயில் 1958-இலிருந்து வருகிறது. அதன் அடிப்படை செட்டில் இன்றைக்கும் மோட்டார் கிடையாது, பேட்டரி இன்ஜினைத் தனியாக வாங்கி அதே தண்டவாளத்தில் ஓட்டலாம். முதலில் கை, பிறகு மோட்டார் என்ற இந்த வரிசை பிள்ளை வளர்கிற வரிசையோடு அப்படியே பொருந்துகிறது. ஆகவே தாய்மாமனான உங்கள் தம்பியிடம் நீங்கள் கேட்க வேண்டியது, இன்ஜினைப் பின்னால் தனியாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு தள்ளு ரயில் செட். வெளிநாட்டுச் சாமான் விலை கட்டுப்படியாகாவிட்டால், அதே அளவுத் தண்டவாளத்தோடு மரத்தில் செய்த மலிவான செட்டுகள் இப்போது கிடைக்கின்றன. தண்டவாளமே இல்லாமல், கயிறு கட்டி இழுக்கும் கர்நாடகத்துச் சென்னபட்டணா மர ரயில் கிடைத்தாலும் இந்தப் பிறந்தநாளுக்கு அது போதும். அவன் தண்டவாளத்தைச் சாக்பீஸால் தரையில் போட்டுக்கொள்வான்.

தண்டவாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று வயதுப் பிள்ளையின் விரலுக்கு, பிளாஸ்டிக் துண்டுகளை நாக்கில் நாக்கு கோத்து ‘டக்’ என்று பூட்டும் வலு பெரும்பாலும் வருவதில்லை. மரத் துண்டுகள் மேலிருந்து வைத்தாலே உட்கார்ந்துவிடும். அவனே போட்டு அவனே கலைக்கக்கூடிய தண்டவாளம் வேண்டுமானால் மரமே மேல். நம் பக்கத்து வீடுகளில் கூடமும் படுக்கும் இடமும் ஒன்றாக இருப்பதால், இரவு எடுத்து வைக்க வேண்டிய சாமான் என்பதையும் நினைவில் வைத்து, துண்டுகள் குறைவாக உள்ள செட்டையே வாங்குங்கள்.

இனி, பேட்டரி. பாட்டியின் பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஒரு பென்சில் பேட்டரி 1.5 வோல்ட், இரண்டு போட்டால் 3 வோல்ட். ஈரக் கையால் தொட்டாலும் அதில் ஷாக் அடிக்காது. உங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற ரயில் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். அதற்குப் பயப்பட வேண்டியதுதான். பொம்மைப் பேட்டரியில் ஷாக்கைத் தவிர வேறு இரண்டு ஆபத்துகள் உண்டு, அவற்றில் ஒன்று உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

அது பட்டன் பேட்டரி. ரயிலில் பென்சில் பேட்டரிதானே போடுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். ரிமோட்டில் ஓடும் ரயில் என்றால் அந்த ரிமோட்டுக்குள் பெரும்பாலும் காசு வடிவ லித்தியம் பேட்டரி இருக்கும். விளக்கு எரியும் சிக்னல் கம்பம், கூவும் ஸ்டேஷன், பாட்டுப் பாடும் கேட் போன்ற துணைச் சாமான்களில் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு மூன்று பட்டன் பேட்டரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இவற்றில் 2032 என்று எண் போட்ட பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலமும் 3 வோல்ட் மின்னழுத்தமும் கொண்டது. பிள்ளை அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு அது. சிக்கிய இடத்தில் ஈரத்தின் வழியே மின்சாரம் பாயும். பேட்டரியின் கழித்தல் குறி முனைப் பக்கம் காரம் உண்டாகி, சதையை அரிக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகிவிடலாம். பேட்டரி தீர்ந்துபோய் பொம்மை ஓடாத நிலையில் இருந்தாலும், இந்த வேலையைச் செய்ய அதில் மிச்சமிருக்கும் சக்தி போதும். தீர்ந்த பேட்டரிதானே என்று ஜன்னல் கட்டையில் வைப்பது இதனால்தான் பெருந்தவறு.

காசு விழுங்கிவிட்டால் சிலர் மலத்தில் வரும் என்று காத்திருப்பார்கள். பட்டன் பேட்டரி விஷயத்தில் அப்படிக் காத்திருக்கக் கூடாது. விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்த அந்த நிமிடமே கிளம்புங்கள். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் தூரமில்லை, வண்டிக்கு 108. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயது தாண்டிய பிள்ளையாக இருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாமலும் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சிறு கரண்டி தேன் கொடுக்கலாம் என்பது மருத்துவ வழிகாட்டுதல். ஆறு முறைக்கு மேல் வேண்டாம், தேனைத் தேடி ஒரு நிமிடமும் தாமதிக்கவும் வேண்டாம். விழுங்கியதை யாரும் பார்க்காத நேரங்களில் எச்சில் ஒழுகுவது, சோற்றைத் தள்ளுவது, காரணமில்லாத இருமல் ஆகியவைதான் அடையாளமாக இருக்கும். ஆகவே உங்கள் வீட்டுக்கு என் கறாரான ஆலோசனை இது: ரிமோட் உள்ள ரயில் வேண்டாம், பட்டன் பேட்டரி போடும் எந்தத் துணைச் சாமானும் வேண்டாம். அக்காவுக்கு என்று தனியாக வாங்கினாலும் வேண்டாம். அவள் பள்ளிக்கூடம் போனபிறகு அவளுடைய சாமான்கள் யார் கையில் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது ஆபத்து இவ்வளவு பெரிதல்ல. பென்சில் பேட்டரியை முன்பின்னாகப் போட்டாலோ, பழையதையும் புதியதையும் கலந்து போட்டாலோ, வலுவிழந்த பேட்டரி சூடாகிக் கசியத் தொடங்கும். ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருப்பது அந்தக் கசிவுதான். அல்கலைன் பேட்டரியில் அது காரம், தோலையும் கண்ணையும் அரிக்கும். நம் ராயபுரம், காசிமேட்டுப் பக்கம் உப்புக்காற்று வேறு சேர்ந்துகொள்வதால், ஒரு மழைக்காலம் பேட்டரியோடு அலமாரியில் கிடந்த ரயில் மறுபடி ஓடுவது அபூர்வம். விளையாடி முடித்துச் சில நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அல்கலைன் கசிவாக இருந்தால், கையில் உறை மாட்டிக்கொண்டு எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, ஸ்பிரிங் முனையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, முடி. ரயில் ஓடும்போது பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, சக்கரம் தன் கண்ணுக்கு நேரே வருவதைப் பார்ப்பார்கள். அந்த மட்டத்திலிருந்து பார்த்தால்தான் பொம்மை நிஜ ரயில்போலத் தெரியும். எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி அப்படிப் படுத்திருந்தபோது, அவிழ்ந்த கூந்தல்மேல் இன்ஜின் ஏறி, சக்கர அச்சில் முடி சுருண்டு, இன்ஜின் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. பயந்துபோன தாய் இன்ஜினைப் பிடித்து இழுக்க, குழந்தை துடித்துவிட்டாள். அப்படியே தலையோடு ஒட்டிய இன்ஜினோடு என்னிடம் அழைத்து வந்தார்கள். முதலில் சுவிட்சை அணைத்தேன், பிறகு அடிப்பக்கத்து ஸ்குரூவைக் கழற்றி அச்சைத் தனியாக எடுத்து, எதிர்த்திசையில் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். கால் மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. ஓடும் சக்கரம் முடியைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டே போகும். எனவே அணைப்பதுதான் முதல் வேலை, இழுக்கவே கூடாது. உங்கள் மகளுக்கு முடி நீளமாக இருந்தால் ரயில் ஓடும் நேரத்தில் பின்னிக் கட்டிவிடுங்கள். அவளைக் குனியாதே என்று சொல்லாதீர்கள், குனிந்து பார்ப்பதுதான் அந்த விளையாட்டின் சுகம்.

மர ரயில்களில் பெட்டிகளைக் காந்தம் கோக்கும். காந்தம் மரத்துக்குள்ளோ உலோக மூடிக்குள்ளோ நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, இடையில் அகப்பட்ட குடல்சுவரைத் துளைத்துவிடும். ஒரு பெட்டியின் காந்தம் கழன்றுவிட்டால் அந்தப் பெட்டியை அன்றைக்கே ஒதுக்கிவிட வேண்டும்.

கடையில் எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். பாரிமுனையை ஒட்டிய தெருக்களில் மொத்த விலைக்குப் பொம்மை கிடைக்கும் என்பதால் தம்பி அங்கேதான் போவார் என்று நினைக்கிறேன். முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் இந்த முத்திரை கட்டாயம். பேட்டரியிலோ மின்சாரத்திலோ இயங்கும் பொம்மைக்கு ஐ.எஸ். 15644 என்ற தர எண், மற்றவற்றுக்கு ஐ.எஸ். 9873. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த உரிமம், எந்தச் சாமானுக்குக் கொடுத்தது என்று காட்டிவிடும். பதிவு பெற்ற கைவினைஞர்களும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளும் இதற்கு விலக்கு என்பதால், முறைப்படி பதிவு பெற்றவர் செய்த சென்னபட்டணா ரயிலில் முத்திரை இல்லாவிட்டாலும் அது குறையல்ல. முத்திரைக்குப் பக்கத்திலேயே வயதுக் குறிப்பையும் பாருங்கள். ‘மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அல்ல’ என்ற படம் போட்டிருந்தால், அது பிள்ளையின் அறிவைப் பற்றியது அன்று, தொண்டையைப் பற்றியது. சோதனைச்சாலையில் இதற்கு 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதையும் சிறு பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியதாகக் கணக்கிடுகிறார்கள். வீட்டில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பாருங்கள், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். அந்தக் குழாய் அதைவிடக் கொஞ்சம்தான் அகலம். இன்ஜின் டிரைவர் பொம்மை, கொடி, சின்ன மரம், கொக்கி என்று அந்த நாணயத்தை ஒட்டிய அளவிலோ அதைவிடச் சின்னதாகவோ எது இருந்தாலும் எடுத்து மேலே வைத்துவிடுங்கள். இன்னும் எல்லாவற்றையும் வாயில் வைக்கிற பழக்கம் உங்கள் மகனுக்கு இருந்தால், மூன்று வயது முடிந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நான்கு வயதை ஒட்டி மோட்டார் இன்ஜின் வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, அதைக் கடைக்காரர் முன்னாலேயே செய்யலாம். சுவிட்சை அணைத்து, இன்ஜினை உள்ளங்கையில் வைத்து முன்னும் பின்னும் மெல்ல உருட்டிப் பாருங்கள். சக்கரம் தடையில்லாமல் சுழன்றால், அணைத்திருக்கும்போது சக்கரத்தை விடுவிக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது என்று பொருள். பிள்ளை தள்ளினாலும் அது தாங்கும். முறுக்கினாலோ அசையாவிட்டாலோ வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. பிறகு, பேட்டரி மூடியை நகத்தால் திறக்கப் பாருங்கள். ஸ்குரூ இல்லாமல் திறந்தால் அது உங்கள் வீட்டுக்கு ஆகாது. ஓடவிட்டு, ஓடும்போதே எதிரே விரலை வையுங்கள். சக்கரம் வழுக்கிச் சுழன்றோ இன்ஜின் நின்றோ போக வேண்டும், விரலை நெரிக்கக் கூடாது. கடைசியாகக் கூவும் சத்தம். பிள்ளைகள் இன்ஜினைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்பார்கள், நீங்களும் அப்படியே வைத்துக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். சத்தம் மிகுதி என்றால் ஸ்பீக்கர் ஓட்டைமேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் ஓரளவு குறையும்.

உங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இதையும் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. பொம்மை ரயில் கையை வைத்தால் நிற்கும். அதை அவன் தினமும் பத்து முறை செய்து பார்ப்பான். வேகத்தில் வரும் நிஜ ரயில் பிரேக் போட்டபிறகும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்குத் தானாகத் தெரியாது. விளையாடும்போதே, கேட் மூடியிருக்கிறது, எல்லோரும் இந்தப் பக்கம் நிற்க வேண்டும், ரயில் போனபிறகுதான் திறக்கும் என்று அவன் பொம்மைகளை வரிசையாக நிற்க வைத்துப் பழக்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், நிறுத்தி வைத்திருக்கும் பெட்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் அவனை நிற்க வையுங்கள். அந்தச் சக்கரம் எவ்வளவு பெரியது என்பதை அவன் கண்ணே அவனுக்குச் சொல்லும். அங்கே பிள்ளைகள் ஏறிச் சுற்றும் குட்டி ரயிலும் இருக்கிறது.

அக்காவைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஆனால் இந்தச் செட்டைக் காப்பாற்றப்போவதும் கெடுக்கப்போவதும் அவள்தான். ஏழு வயதுப் பெண் தண்டவாளத்தை அழகாக, மேடு பள்ளம் பார்த்துப் போடுவாள், தம்பி ஒரே காலால் கலைப்பான், சண்டை வரும். தள்ளு ரயிலாக இருந்தால் அந்தச் சண்டை சீக்கிரம் அடங்கும், ஏனென்றால் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பெட்டி கொடுத்துவிடலாம். மோட்டார் இன்ஜின் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், சுவிட்சும் ஒன்றுதான். பின்னால் இன்ஜின் வாங்கும்போது பேட்டரி மாற்றும் பொறுப்பை, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், அவளுக்குக் கொடுங்கள். கூட்டல் கழித்தல் குறி பார்த்துப் போடுவது அந்த வயதில் ஒருமுறை கற்றால் மறக்காது.

உங்கள் தம்பி ஏற்கெனவே பேட்டரி செட் வாங்கி வைத்துவிட்டார் என்றால் அவர் மனம் நோகத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பெட்டியைப் பிறந்தநாளுக்கு முந்தின இரவே பிரித்து, நான் சொன்ன நாணயச் சோதனையைச் செய்து, இன்ஜினையும் சின்ன உதிரிகளையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பேட்டரியை அதில் போடவே வேண்டாம். தண்டவாளத்தையும் பின்பெட்டிகளையும் மட்டும் அவனுக்குக் கொடுங்கள். பின்பெட்டிகளுக்கு மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை. எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் ஓடும். மாமனுக்கு அன்று ஒரு வேலையும் இருக்கிறது: மருமகனோடு தரையில் உட்கார்ந்து, கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கொருக்குப்பேட்டை வரைக்கும் என்னென்ன ஸ்டேஷன் வருகிறது என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீப்பெட்டியை வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.